கடலுக்கு மடி இல்லை

நுழையும்முன்

ஊர் கூடிச் செல்லும் பயணத்தில் மகிழ்ச்சி எல்லார்க்கும் உரியது. கணக்கு மட்டும் ஒருவர்க்கு உரியது. கடலைக் காண இருநூறு கிலோமீட்டர் செல்ல வேண்டிய ஓர் ஊரிலிருந்து, தீவுகளுக்கிடையே பாய்மரப் படகில் செல்லத் திட்டமிட்ட ஆசிரியை ஒருவர், தம் கணக்கையும் அதில் தாம் செய்த பிழையையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்கிறார்.

சக்கரமில்லாத வண்டி

சூரமங்கலத்தில் பிறந்தவர்களுக்குத் தொடர்வண்டியின் ஓசையே தாலாட்டு. சேலம் சந்திப்பு எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 'சேலம்' என்று பயணச்சீட்டு எடுத்து வருவோர் சூரமங்கலத்து மண்ணில்தான் முதலில் கால் வைக்கின்றனர். நள்ளிரவில் சரக்கு வண்டி கடக்கும்போது எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படங்கள் மெல்ல அதிரும். அந்த அதிர்வு நின்றுபோனால்தான் எங்களுக்கு உறக்கம் கலையும். எங்களுக்கு மலை தெரியும். வீட்டு மாடியில் நின்றால் சேர்வராயன் மலைத்தொடர் நீலமாய்த் தெரியும். காவிரியைத் தெரியும், 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் பரந்த நீர்ப்பரப்பையும் தெரியும். கடல் மட்டும் எங்களுக்குப் பாடநூலில் படித்த பொருளாகவே இருந்தது.

நீர்மேல் நான் முதன்முதலாகச் சென்றது ஒகேனக்கல்லில், பரிசலில். அப்போது எனக்கு ஐந்து வயது. "பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று பரிசல்காரர் சொல்ல, அம்மாவின் மடியில் அமர்ந்துகொண்டு சுழலும் பாறைகளைப் பார்த்தேன். அச்சம் என்பதே தோன்றவில்லை. மடி என்பது உலகத்திலேயே பாதுகாப்பான இடம் என்று அன்று நம்பினேன். அந்த நம்பிக்கை பின்னாளில் என்னை ஒரு துறைமேடையில் தலைகுனிய வைத்தது.

என் தந்தை சரக்கு வண்டிகளில் கார்டாகப் பணியாற்றியவர். கார்டின் பெட்டி வண்டியின் கடைசியில் இருக்கும். வண்டியோட்டி, வரப்போகும் ஊர்களைப் பார்ப்பார். கார்டோ கடந்துபோன ஊர்களையே பார்த்திருப்பார். அப்பா முப்பத்தாறு ஆண்டுகள் அப்படிப் பின்னோக்கிப் பயணம் செய்தவர். புறப்படும் முன் பெட்டிகளை எண்ணுவதும், கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் அதற்குரிய பலகையோ சிவப்பு விளக்கோ இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. வழியில் உள்ள ஒவ்வொரு நிலையத்திலும் அந்த அடையாளத்தைப் பார்த்த பிறகே வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று கொள்வார்கள். நடுவில் ஒரு பெட்டி கழன்று இருளில் நின்றுவிட்டால், பின்னால் வரும் வண்டி அதன்மேல் மோதும். "கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் 'வண்டி வந்துவிட்டது' என்று சொல்லக்கூடாது கண்ணு" என்பார் அப்பா. வீட்டிலும் அவர் அப்படித்தான். கோயிலுக்குப் போனாலும் திருமணத்திற்குப் போனாலும், திரும்பும்போது எங்கள் தலைகளை ஒருமுறை எண்ணிவிட்டே நடப்பார்.

2018ஆம் ஆண்டு சூன் மாதம் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. என்ன வேண்டும் என்று தம்பி கேட்டான். வேட்டியோ கைக்கடிகாரமோ கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காற்று மட்டுமே இழுத்துப்போகிற வண்டியில் ஒருமுறை போக வேண்டும்" என்றார். இளமையில் ஒருமுறை பணி நிமித்தமாகத் தூத்துக்குடிக்குச் சென்றபோது, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய தோணி ஒன்று பாய் விரித்துப் புறப்பட்டதைக் கரையிலிருந்து பார்த்தாராம். அத்தனை பெரிய கலம் சிறு ஓசையுமின்றி நகர்ந்து போனது அவரால் மறக்க முடியாத காட்சியாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் இரும்பு இரும்போடு உரசும் ஓசையில் வாழ்ந்தவர் கேட்டது, ஓசையில்லாத ஒரு பயணம்.

இரண்டு நாள்காட்டிகள்

அப்பாவின் விருப்பம் ஒரு வாரத்திற்குள் குடும்பத்தின் விருப்பமாகி, ஒரு மாதத்திற்குள் தெருவின் விருப்பமாகிவிட்டது. பெரியப்பா, அத்தை, தம்பி குடும்பம், எதிர்வீட்டு ஆசிரியர் இணையர் என்று பட்டியல் நீண்டது. திட்டமிடும் பொறுப்பு என்மேல் விழுந்தது. பள்ளியில் சுற்றுலா அழைத்துச் சென்ற பழக்கம் எனக்கு உண்டு என்பதே காரணம்.

எங்கே செல்வது என்பது முதல் கேள்வி. மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் உண்டு என்று நானே வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால், அவை 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுபவை. விரும்பியபடி பாய் விரித்துத் தீவுக்குத் தீவு இறங்கிச் செல்ல இயலாது. பிறகுதான் அந்தமான் என்று முடிவாயிற்று. அங்குள்ள தீவுகளும் பாறைத் திட்டுகளும் எண்ணூறுக்கு மேல். மக்கள் நிலையாக வாழ்பவை சில பத்துகளே. அதற்குத் தெற்கே நிக்கோபார். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' என்று குறிப்பது அத்தீவுகளையே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் கலங்கள் சென்ற கடலுக்குச் சூரமங்கலத்திலிருந்து நாங்கள் பன்னிருவர் செல்வதில் வியப்பென்ன என்று பெரியப்பா பெருமையோடு சொன்னார்.

எப்போது செல்வது என்பது இரண்டாவது கேள்வி. அதுவே மிகக் கடினமான கேள்வி என்பதைப் பின்னர் உணர்ந்தேன். எங்கள் கையில் ஒரு நாள்காட்டி இருந்தது. அதில் அரையாண்டுத் தேர்வு விடுமுறை, பொங்கல் விடுமுறை, கோடை விடுமுறை என மூன்று கட்டங்கள் சிவந்திருந்தன. கடலுக்கோ வேறொரு நாள்காட்டி உண்டு. மே மாத நடுவிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று அந்தமானில் மழையைக் கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் உருவாகும். வடகிழக்கிலிருந்து வரும் காற்று சீராகி, வானம் தெளிவது பெரும்பாலும் தை பிறக்கும் வேளையில். நம் முன்னோர் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பிரித்துப் பெயரிட்டது கவிதைக்காக மட்டுமா? பாய் விரித்து வாழ்ந்தவர்க்கு அப்பெயர்கள் வழிகாட்டும் பலகைகள் அல்லவா?

திசம்பர் கடைசி வாரத்தையே பலரும் விரும்பினர். பள்ளி விடுமுறையும் ஆண்டிறுதிக் கொண்டாட்டமும் சேர்ந்து வருவதால், அந்நாள்களைச் சுற்றுலாத் தொழிலில் 'சீசன்' என்கிறார்கள். விடுதி வாடகை ஏறும். வானூர்திக் கட்டணம் ஏறும். படகுகளுக்கு ஓய்வு இராது. மக்கள் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நாளும் கடல் அமைதியாக இருக்கும் நாளும் ஒன்றே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 2016 திசம்பர் முதற்பகுதியில் அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வால் கடல் கொந்தளித்து, ஏவ்லாக், நீல் ஆகிய இரு தீவுகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணியர் கரை திரும்ப இயலாமல் சிக்கிக்கொண்டனர். கடற்படைக் கப்பல்கள் சென்று அவர்களை மீட்டு வந்தன. அவர்களும் விடுமுறை நாள்காட்டியைப் பார்த்துத்தான் புறப்பட்டிருப்பார்கள்.

நான் பொங்கல் விடுமுறையைத் தேர்ந்தெடுத்தேன். திரும்பும் வானூர்திக்கு முன் ஒரு முழுநாளை வெறுமையாக விட்டேன். "காசு கொடுத்துச் சும்மா உட்காருவதற்கா ஒரு நாள்?" என்று அத்தை கேட்டார். அந்த வெற்று நாள்தான் காற்றுக்கு நாம் தரும் பங்கு என்று பதில் சொன்னேன். அதற்கும் சோதனை வந்தது. நாங்கள் புறப்பட ஒரு வாரமே இருந்தபோது, தாய்லாந்தைக் கடந்து அந்தமான் கடலில் புகுந்த 'பபுக்' புயல் தீவுகளை நோக்கி வருவதாக வானிலைத்துறை எச்சரித்தது. 2019 சனவரி 6ஆம் நாள் அது தீவுகளைக் கடந்து வலுவிழந்தது. தை மாதத்து வானத்தையும் எழுதிக் கொடுத்த உறுதிமொழியாகக் கொள்ளக்கூடாது என்பதை அந்த ஒரு வாரம் எனக்குக் கற்பித்தது.

பன்னிருவர்

பாய்மரப் படகு கிடைப்பது எளிதாக இல்லை. தீவுகளில் விசைப்படகுகளே மிகுதி. பல தொலைபேசி அழைப்புகளுக்குப் பின், பாயும் விசைப்பொறியும் கொண்ட படகு ஒன்று ஏவ்லாக்கில் கிடைத்தது. தீவின் மேற்குக் கரையோரமாக, வாடைக் காற்றுக்கு மறைவான நீரில், காலையில் புறப்பட்டு நண்பகலுக்குப் பின் திரும்பும் பயணம். பாதித் தொகையை முன்பணமாகக் கட்டினோம். படகின் உரிமையாளர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "பயணியர் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் ஒருவரும் கூடாது. பெயர், வயது, அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்."

அது ஏன் பன்னிரண்டு என்று தேடிப் படித்தேன். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது அதில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கே இடம் இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில் மாண்டனர். அத்துயரத்தின் விளைவாகக் கடலில் உயிர்ப்பாதுகாப்பிற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1914இல் உருவாயிற்று. பின்னர் வளர்ந்து விரிந்த அவ்வுடன்படிக்கையின்படி, பன்னிரண்டுக்கு மேற்பட்ட பயணியரை ஏற்றும் கலமே பயணியர் கப்பல் எனப்படும். அதற்குரிய கட்டுப்பாடுகளும் கடுமையானவை. அவ்வுடன்படிக்கை நாடு விட்டு நாடு செல்லும் கப்பல்களுக்கு உரியது. ஆயினும், உலகெங்கும் சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் படகுகள் பலவற்றில் பன்னிரண்டு என்னும் எல்லை வழக்கமாகிவிட்டது. எனக்கு ஒரு வெறும் எண்ணாகத் தோன்றியதன் பின்னே ஒரு பேரிழப்பின் வரலாறு இருந்தது.

தெரிந்து தெளிவோம்

சரக்குக் கப்பல்களின் வெளிப்புறத்தில், நீர்மட்டத்திற்கு அருகே வட்டமும் கிடைக்கோடுகளும் வரையப்பட்டிருக்கும். அது சுமைக்கோடு. இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் என்பவரின் விடாமுயற்சியால் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இடம்பெற்றது. மிகுதியாகச் சரக்கேற்றிக் கடலுக்கு அனுப்பப்பட்ட கப்பல்களில் மாலுமிகள் மடிவதைத் தடுப்பதே அவர் நோக்கம். கோடு ஒன்றன்று. வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்திற்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று எனப் பல கோடுகள் உண்டு. ஒரே கப்பல் எவ்வளவு சுமக்கலாம் என்பது அது செல்லும் கடலையும் பருவத்தையும் பொறுத்து மாறுகிறது.

இன்னும் ஓர் இலை

எண்ணிக்கையைக் காப்பதுதான் எத்தனை கடினம்! புறப்படும் நாள் நெருங்க நெருங்க, "ஒரே ஓர் ஆள்தானே" என்ற குரல்கள் பெருகின. பெரியப்பாவின் நண்பர் ஒருவர், அத்தையின் நாத்தனார், எதிர்வீட்டாரின் மருமகன் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பெயர் வந்தது. யாரையும் மறுத்துப் பழகாத ஊர் எங்களுடையது. பந்தியில் எதிர்பாராமல் ஒருவர் வந்தால் இன்னும் ஓர் இலை போடுவோம். பேருந்தில் மூவர் இருக்கையில் நான்காமவர்க்கு இடம் தருவோம். "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்" என்பது எங்கள் மக்களின் அன்பு மொழி. இடமில்லை என்று சொல்பவரை நாங்கள் கல்மனத்தார் என்போம்.

அந்த அன்பு மொழி நீரில் என்ன செய்தது என்பதை நாளிதழ்களில் படித்திருந்தேன். 2009 செப்டம்பர் 30ஆம் நாள், பூசை விடுமுறையை ஒட்டித் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011 திசம்பர் 25ஆம் நாள், கிறித்துமசு விடுமுறையில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2014 சனவரி 26ஆம் நாள், குடியரசு நாளில் நாங்கள் செல்லவிருந்த அதே அந்தமானில் சுற்றுலாப் படகு ஒன்று மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சென்றவர்கள் பலர். எங்களைப் போலவே அவர்களுள்ளும் யாரோ ஒருவர் பட்டியல் எழுதியிருப்பார், முன்பணம் கட்டியிருப்பார். மூன்று நிகழ்வுகளிலும் படகில் ஏற்றத்தக்க அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தது பேசப்பட்டது. மூன்றும் விடுமுறைக் காலத்தில் நேர்ந்தவை. கூட்டம் பெருகும்போது கரையில் நிற்போர் அனைவரும் ஏறத் துடிக்கிறார்கள். ஏற்றுவோரும் மறுக்கத் தயங்குகிறார்கள். படகின் கொள்ளளவு மட்டும் பண்டிகைக்காகப் பெருகுவதில்லை.

எனவே, வந்த பெயர்களையெல்லாம் மறுத்தேன். அத்தை ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "டீச்சர் என்பதால் எல்லாரையும் பிள்ளைகளாக நினைக்கிறாள்" என்று பின்னால் பேசினார்கள். அப்பா மட்டும் ஒரு நாள் மாலை என் பட்டியலை வாங்கிப் பார்த்து, பன்னிரண்டு பெயர்களையும் விரலால் தொட்டு எண்ணி, கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். "இதுதான் கடைசிப் பெட்டி" என்றார்.

பதின்மூன்றாம் பெயர்

புறப்பட மூன்று நாள் இருந்தபோது அந்தக் கோட்டை நானே தாண்டினேன்.

தம்பியின் ஐந்து வயது மகனை அவன் பாட்டி வீட்டில் விட்டுச்செல்வதாக ஏற்பாடு. பாட்டிக்குத் திடீரென்று உடல்நலம் குன்றியது. பிள்ளையை விட வேறு இடமில்லை. அவனுக்கும் வானூர்தியில் இடம் கிடைத்துவிட்டது. படகுக்காரரிடம் சொல்ல வேண்டியது மட்டுமே எஞ்சியிருந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். கேட்டால் மறுப்பார் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் போனால், நேரில் குழந்தையின் முகத்தைப் பார்த்து மனமிரங்கிவிடுவார் என்று எண்ணினேன். ஊராரின் ஒரு தலையைக்கூடச் சேர்க்க மறுத்த நான், என் வீட்டுப் பிள்ளை என்றவுடன் வேறொரு கணக்கைக் கையிலெடுத்தேன். அதை அப்போது பிழையாக நான் கருதவில்லை. 'குழந்தைதானே' என்ற ஒரு சொல்லுக்குள் அந்தப் பிழை முழுவதும் மறைந்துகொண்டது.

துறைமேடையில்

சென்னை வரை தொடர்வண்டி. அங்கிருந்து போர்ட் பிளேருக்கு வானூர்தி. பின்னர்க் கப்பலில் ஏவ்லாக். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அத்தீவுக்குச் சுவராச் தீவு என்று பெயர் மாற்றியிருந்தார்கள். எங்கள் சீட்டுகளில் பழைய பெயரே இருந்தது. பொங்கலுக்கு முதல் நாள் காலையில் துறைமேடையில் நின்றோம். கடல் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடிபோல் கிடந்தது. படகின் நடுவே பாய்மரம் உயர்ந்து நின்றது. அப்பா அதன் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்று புதிய சட்டை அணிந்திருந்தார்.

படகை ஓட்டுபவர் முப்பது வயது இளைஞர். அவர் பாட்டனார் இராமநாதபுரம் பகுதியிலிருந்து தீவுக்கு வந்தவராம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உயிர்காப்புச் சட்டையைக் கொடுத்தார். பன்னிரண்டு சட்டைகளும் தீர்ந்தன. தம்பி மனைவியின் புடவையைப் பற்றிக்கொண்டு நின்ற சிறுவனைப் பார்த்தார். பட்டியலைத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இந்தப் பிள்ளையின் பெயர் இல்லையே?"

"குழந்தைதானே தம்பி, மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்றேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்:

"கடலுக்கு மடி இல்லை அக்கா. காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது படகு சாயும். அப்போது உங்கள் இரண்டு கையும் படகைப் பிடிக்கும். பிள்ளையை யார் பிடிப்பது? இந்த அளவில் எங்களிடம் சட்டையும் கிடையாது."

எங்கள் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்றார் பெரியப்பா. "இரட்டிப்பாகப் பணம் தருகிறோம்" என்றார் ஒருவர். "பக்கத்துப் படகில் ஏற்றுகிறார்களே" என்று கைகாட்டினார் மற்றொருவர். இளைஞர் எதற்கும் பதில் கூறாமல் நின்றார். நான் மறுத்த குரல்கள் எல்லாம் இப்போது என் பக்கம் நின்று அவரிடம் இரந்துகொண்டிருந்தன. ஏழு மாதங்களாக நான் நின்ற இடத்தில் அவர் நின்றார். அத்தை நின்ற இடத்தில் நான் நின்றேன்.

அப்போது அப்பா தம் உயிர்காப்புச் சட்டையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். "பேரனோடு நான் இருந்துகொள்கிறேன். கரையிலிருந்து பார்த்தாலும் பாய் பாய்தானே" என்றார். அவர் குரலில் குறை ஏதும் இல்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாருடைய விருப்பத்திற்காக இத்தனையும் நடந்ததோ, அவர் என் பொய்க்கணக்கின் விலையைக் கொடுக்க முன்வந்தார். தம்பியும் அவன் மனைவியும் தாங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். நான் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "பட்டியல் எழுதியவள் நான். பிழையும் என்னுடையது. நீங்கள் ஏறுங்கள் அப்பா" என்றேன். என் சட்டையைக் கழற்றி இளைஞரிடம் கொடுத்தேன். அவர் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு, 'பதினொன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

காத்திருப்பு

கயிறு அவிழ்ந்தது. விசைப்பொறியின் ஓசையோடு படகு துறையைவிட்டு நகர்ந்தது. சற்றுத் தொலைவு சென்றதும் வெள்ளைப் பாய் சுருள் அவிழ்ந்து மேலேறியது, முதலில் படபடத்தது, பிறகு காற்றை ஏந்திப் புடைத்தது. அந்நேரத்தில் பொறியின் ஓசை நின்றது. படகு ஒரு பக்கம் சற்றே சாய்ந்து, ஓசையில்லாமல் நகரத் தொடங்கியது. அந்தச் சாய்வைக் கண்டபோது, மடியில் ஒரு பிள்ளையோடு நான் அங்கே அமர்ந்திருப்பதாக ஒரு நொடி எண்ணிப் பார்த்தேன். உள்ளங்கை வியர்த்தது.

படகு நிலமுனைக்கு அப்பால் மறைந்தது. நானும் சிறுவனும் மணலில் அமர்ந்தோம். அவன் சங்குகளைத் தொடர்வண்டிபோல் வரிசையாக அடுக்கினான். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பின்னர் வருத்தம் போய் அச்சம் வந்தது. இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டிய படகு மூன்று மணியாகியும் வரவில்லை. கடல் காலையில் இருந்ததுபோலவே அழகாக இருந்தது. ஆனால், என் பதினொரு பேரும் அதன்மேல் இருந்தார்கள் என்பதால் அந்த அழகை என்னால் பார்க்க இயலவில்லை. குழுவாகச் செல்பவர்களை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்பவர்க்கே ஒவ்வொரு தலையின் எடையும் தெரியும் போலும்.

மூன்றரை மணிக்கு முனையருகே வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றியது. காற்று விழுந்துவிட்டதால் தாமதமாயிற்றாம். படகு நெருங்கும் முன்பே நான் எழுந்து நின்று எண்ணத் தொடங்கினேன். பெரியப்பா, அத்தை, தம்பி, தம்பி மனைவி... ஒன்பது, பத்து. பதினோராவது தலை தெரியவில்லை. என் மூச்சு நின்றது. பின்புறத்தில், சுக்கான் அருகே, படகோட்டிக்குப் பக்கத்தில் ஒரு நரைத்த தலை எழுந்தது. வழக்கம்போல் அப்பா கடைசியில்தான் அமர்ந்திருந்தார்.

துறைமேடையில் ஏறியதும் அவர் பயணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நின்று எல்லாரையும் எண்ணினார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பதின்மூன்று. பிறகுதான், "ஓசையே இல்லை கண்ணு" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. எதனால் என்று நான் கேட்கவில்லை.

நான் அந்த இளைஞரிடம் சென்று நன்றி சொன்னேன். "எல்லாரும் திட்டிவிட்டுத்தான் போவார்கள் அக்கா. நன்றி சொல்ல வருகிறவர் குறைவு" என்று சிரித்தார். அவர் சிரிப்பில் களைப்பு இருந்தது. விடுமுறைக் காலம் முடியும்வரை நாள்தோறும் ஒரு முறையேனும் அவர் அதே சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசிப் பெட்டி

அதன்பின் நான் பலமுறை மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். 2023 மே 7ஆம் நாள், கோடை விடுமுறையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த செய்தியைப் படித்தபோது, இறந்தவர்களுள் குழந்தைகள் பலர் என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது. எத்தனை மடிகள் அங்கே இருந்திருக்கும்!

இன்னும் ஓர் இலை போடும் பண்பை நாம் இழக்க வேண்டியதில்லை. அது நிலத்தின் அறம். நம் ஊர்களைத் தாங்கி நிற்கும் அறம். நீரின் அறம் வேறு. அங்கே ஒருவரை மறுப்பதும் அன்பின் ஒரு வடிவமே. ஏற்கெனவே ஏறியிருப்பவர்களிடம் காட்டும் அன்பு அது. எந்த இடத்தில் எந்த அறம் வேண்டும் என்று தெரிந்துகொள்வதே திட்டமிடுதல் என்று இன்று எண்ணுகிறேன். நாள் குறிப்பதும் பணம் திரட்டுவதும் எளிய பகுதிகள். நம் வீட்டுப் பிள்ளையின் பெயர் வரும்போதும் எண்ணை மாற்றாமல் இருப்பதுதான் அரிய பகுதி.

என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் சந்திப்பின் விளக்குகள் தெரியும். மாலை வேளைகளில் அப்பாவும் பேரனும் அங்கே நின்று சரக்கு வண்டிகளை எண்ணுவார்கள். சிறுவன் இடையில் சோர்ந்து வேறு பேச்சுப் பேசுவான். அப்பா பேசமாட்டார். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு இருளுக்குள் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, "வண்டி போய்விட்டது" என்பார். அதற்குப் பிறகே இருவரும் கீழே இறங்கி வருவார்கள்.